நள்ளிரவில் தேடக் கூடாது: கோழி, ஆடு, மாட்டுக்கு முதலுதவிப் பெட்டி தயார் செய்யும் முறை

எங்கள் வெள்ளாட்டுக்கு ஒருநாள் இரவு வயிறு உப்பியது. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் தட்டினால் மேளம் போல் ஒலித்தது. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்: ஆட்டின் எடை என்ன? உடல் வெப்பம் எவ்வளவு? எதை, எப்போது தின்றது? மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. எண்ணெய் கொடுக்கச் சொன்னார். வீட்டில் எண்ணெய் இருந்தது. அளந்து ஊற்ற ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றுகூட இல்லை. டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் பொறுமையாகத் தொலைபேசியிலேயே இருந்ததால் ஆடு பிழைத்தது. அடுத்த நாளே பெட்டி தயாரிக்கத் தொடங்கினேன். முதலில் வாங்கியவற்றில் பாதி தேவையில்லாதவை. தேவையானவை பல விட்டுப்போயின. அதைச் சரிசெய்ய ஓராண்டு ஆனது. புதிதாக நாலு கோழியோ இரண்டு ஆடோ வாங்கியிருப்பவர்களுக்கு அந்த ஓராண்டு வீணாக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்தப் பெட்டி நோயைக் குணப்படுத்துவதற்கு இல்லை. மருத்துவர் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பதும், அவர் கேட்பதற்குச் சரியான விடை சொல்வதும்தான் இதன் வேலை. அதனால் மருந்துகளைவிட அளவுக் கருவிகளும் குறிப்பேடும் முன்னால் வருகின்றன.

1. மூடியின் உட்புறத்தில் ஒரு தாள்

பெட்டி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது, செலவும் கிடையாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: உங்கள் கால்நடை மருத்துவரின் எண், அவர் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய இரண்டாமவரின் எண், இரவில் பிராணியை ஏற்றிச் செல்ல வண்டி தருபவரின் எண், உங்கள் வீட்டுக்கு வரும் வழி இரண்டு வரியில். வழி எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ மருத்துவரை அழைக்க நேரிடும்.

எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் வருவாரா? கோழிக்கும் பார்ப்பாரா? இரவு வருகைக்குக் கட்டணம் எவ்வளவு? பெரிய பிராணிகளை மட்டும் பார்க்கும் மருத்துவர்கள் பலர் உண்டு. கோழி இரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது அதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

தாளை நெகிழித்தாளால் மூடி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். ஈரக் கையோடு தொட்டாலும் எழுத்து கலையக் கூடாது.

2. நலமாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. நலமான நாளில் உங்கள் பிராணி எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், நோயுற்ற நாளில் வெப்பமானி காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

பொதுவான அளவுகள் இவை. மாட்டுக்கு உடல் வெப்பம் 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் (ஏறக்குறைய 100.5 முதல் 102.7 ஃபாரன்ஹீட்). வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் 38.5 முதல் 39.7 (101.5 முதல் 103.5). கோழிக்கு 40.6 முதல் 41.7 (105 முதல் 107). மனிதக் கணக்கில் கோழியைப் பார்த்தால் எப்போதும் கடும் காய்ச்சல்தான்; புதியவர்கள் அதைக் கண்டு பதறிவிடுகிறார்கள்.

வெப்பமானியின் முனையில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெதுவாகச் செலுத்தி, குடல் சுவரைத் தொடும்படி சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும். அதன் மறுமுனையில் ஒரு நூலையும் நூலின் நுனியில் துணிக் கவ்வியையும் கட்டி, வாலில் மாட்டிவிடுங்கள். மாட்டினுள் வெப்பமானி போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு.

அடுத்து எடை. பெரும்பாலான மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்தது. கண் மதிப்பில் சொன்னால் பெரும்பாலும் தவறுகிறது. கோழியை ஒரு பையில் வைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்துவிடலாம். ஆடு மாட்டுக்குத் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 70, நீளம் 65 என்றால் 29 கிலோவுக்குச் சற்று மேல். துல்லியமானது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கண் மதிப்பைவிட மிக நல்லது.

ஆடு மாட்டின் இடப்பக்கப் பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். நலமாக இருந்தால் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை உள்ளே ஏதோ புரண்டு உங்கள் கையை மெல்லத் தள்ளும். அது அசையூண் வயிற்றின் அசைவு. அதை நாலைந்து முறை தொட்டுப் பழகியவர்களுக்கு, அது நின்றுபோன நாளில் உடனே கை சொல்லிவிடும்.

3. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம்: பிறந்த அல்லது வாங்கிய தேதி, அடையாளம் அல்லது காது அட்டை எண், எடை, தடுப்பூசி போட்ட தேதிகள், குடற்புழு மருந்து கொடுத்த தேதி, சினை என்றால் சேர்த்த நாள். மருத்துவர் எழுதித் தந்த சீட்டுகளையும் மருந்து வாங்கிய ரசீதுகளையும் பின் அட்டையில் ஓர் உறை ஒட்டி அதில் போட்டு வையுங்கள். பல நாடுகளில் எதிர்நுண்ணுயிர் மருந்து வாங்க மருத்துவரின் சீட்டு கட்டாயம். காப்பீடு செய்திருந்தால் இழப்பீடு கோரும்போதும் இந்த நோட்டுதான் சான்று.

கடைசிப் பக்கத்தை ‘விலக்கு நாள்’ கணக்குக்கு ஒதுக்குங்கள். மருந்து கொடுத்த பிராணியின் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் உண்ணக் கூடாது என்று மருந்தின் சீட்டில் எழுதியிருக்கும். மருந்து கொடுத்த நாள், விலக்கு முடியும் நாள் இரண்டையும் அன்றே எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பால் அடுப்பில் ஏறிவிடும்.

4. பெட்டியும் அது இருக்கும் இடமும்

இறுக மூடும் நெகிழிப் பெட்டி, கைப்பிடியோடு. எலி நுழையாததாகவும் ஒரு கையால் தூக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். கொட்டகையில் வைக்காதீர்கள். கூரைக்கடியில் சூடு ஏறும்போது மருந்துகள் வீரியம் இழக்கின்றன. பலவற்றை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று உறையிலேயே இருக்கும். வீட்டுக்குள், கொட்டகைக்குப் போகும் கதவின் அருகே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தடுப்பூசி மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி தேவை. அவற்றை இந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.

5. மூன்று தவணையாக வாங்குங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கப் போனால் செலவு கண்ணைக் கட்டும். பாதி பொருள் காலாவதியாகும். நான் அப்படித்தான் பணத்தை இழந்தேன். நாலு கோழிக்கு ஒரு லிட்டர் மருந்துப் புட்டி வாங்கி, பத்து மில்லிகூடச் செலவாகாமல் கொட்டினேன்.

*முதல் தவணை, இந்த வாரமே.* மலிவானவை, எளிதில் காலாவதி ஆகாதவை: எண் காட்டும் வெப்பமானி, தலையில் மாட்டும் டார்ச்சு, உதிரி பேட்டரி, தையல் நாடா, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சுகள் (1, 5, 20, 60 மில்லி), ஒருமுறை அணியும் கையுறை ஒரு பெட்டி, பழைய துண்டுகள், பேனா. டார்ச்சு தலையில் மாட்டுவதாகவே இருக்கட்டும். ஆட்டைப் பிடிக்கவே இரண்டு கையும் போதாது.

*இரண்டாம் தவணை, அடுத்த மாதத்துக்குள்.* காயத்துக்கானவை: பொவிடோன் அயோடின் 10 சதவீதக் கரைசல், ஒட்டாத பஞ்சுத் துணி, காஸ் துணி, தன்மேலேயே ஒட்டும் மீள்கட்டு, சோளமாவு அல்லது இரத்தம் நிறுத்தும் தூள், உப்பு, நீரிழப்புக்கான உப்புச்சர்க்கரைப் பொடி, அளவுக் குவளை.

*மூன்றாம் தவணை, மருத்துவரிடம் பேசிய பிறகு.* மருந்துகள். எல்லாவற்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய புட்டியையே வாங்குங்கள். ஒரு மில்லிக்கு விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கொட்டுவது மிச்சம்.

6. காயம்: கழுவுவதில்தான் பாதி வேலை

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 9 கிராம் உப்பைக் கரையுங்கள். 60 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, காயத்தின் மேல் சற்று வேகமாகப் பீய்ச்சுங்கள். மண்ணும் முடியும் வெளியேறும் வரை விடாதீர்கள். பெரிய காயத்துக்கு அரை லிட்டர்கூடப் போகும். பிறகு அயோடின். புட்டியிலிருந்து அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, வெளிறிய தேநீர் நிறம் வந்ததும் பயன்படுத்துங்கள். திறந்த சதையில் அடர்த்தியான அயோடின் நல்ல திசுவையும் கருக்கிவிடும். நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. நுரையைப் பார்த்தால் சுத்தமாவது போல் தோன்றும், ஆறுவதோ தள்ளிப்போகும்.

இரத்தம் பெருகினால் முதலில் அழுத்தம். துணியை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் முழுதாக அழுத்திப் பிடியுங்கள். இடையில் நின்றதா என்று எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி தொடங்கும். 2 கிலோ கோழியின் உடலில் மொத்த இரத்தமே சுமார் 150 மில்லிதான். நகம் உடைந்து சொட்டுவதைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். சோளமாவை அழுத்தி வைத்தால் நின்றுவிடும்.

கட்டுப் போட்டால் கட்டுக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒட்டும் மீள்கட்டு இழுத்த இழுப்புக்குச் சுருங்கி இறுகும். கால் வீங்கிப் போகும். தினமும் அவிழ்த்துப் பாருங்கள். ஈ மொய்க்கும் பருவத்தில் காலையில் தெரிந்த காயத்தில் மறுநாள் புழு நெளியும். புழுவைக் கண்டால் உப்புநீரால் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

7. வாய்வழி கொடுப்பது: இங்குதான் உயிர் போகிறது

ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றுகிறார்கள். மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி, இரண்டு நாளில் நுரையீரல் அழற்சியில் பிராணி போய்விடுகிறது. நோயால் இறந்தது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். தலை இயல்பான மட்டத்திலேயே இருக்கட்டும். சிரிஞ்சை வாயின் ஓரத்தில், பல்லில்லாத இடைவெளியில் நுழைத்து, சிறிது செலுத்தி, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள். படுத்துக் கிடக்கும், விழுங்க முடியாத பிராணிக்கு வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

வயிறு உப்பினால், உள்ளே கட்டிய நுரையை உடைக்கச் சமையல் எண்ணெய் உதவும்: மாட்டுக்கு 250 முதல் 500 மில்லி, வளர்ந்த ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி. மருத்துவரிடம் பேசிக்கொண்டே கொடுங்கள். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, இடப்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். மூச்சு திணறினால் மருத்துவரை வரவழைக்க ஒரு நிமிடமும் தாமதம் வேண்டாம். வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்றும் கருவியை வாங்கி வைக்காதீர்கள். இடம் தெரியாமல் குத்தினால் வயிற்றறைக்குள் சீழ் பிடிக்கும்.

8. கோழிக்கென்று சில செய்திகள்

நாய் கடித்த ஒரு பெட்டைக் கோழியை, துள்ளாமல் இருக்கட்டும் என்று மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். காயம் பெரிதில்லை. அலகு மெல்லத் திறந்தது, கொண்டை நீலமானது, என் கையிலேயே அடங்கிவிட்டது. கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இறக்கையை மட்டும் துண்டால் சுற்றி, மார்பைத் தளரவிட்டுப் பிடியுங்கள்.

நீர் கொடுக்கும்போது நாக்கின் பின்புற அடிப்பகுதியில் தெரியும் துளை மூச்சுக்குழாய் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளை, குறிப்பாகப் பென்சோகெய்ன், லிடோகெய்ன் உள்ளவற்றைக் கோழிக்குத் தடவ வேண்டாம். சிறிய உடலுக்கு அவை எளிதில் நஞ்சாகும்; வெள்ளாட்டுக் குட்டிக்கும் அப்படியே. குழாயின் பின்னால் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். அதற்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கச் சொன்னால், அந்த நாட்களில் பி1 உள்ள வைட்டமின் கலவையை நிறுத்திவையுங்கள். ஒன்று மற்றதன் வேலையைக் கெடுத்துவிடும்.

பெட்டியோடு ஒரு தனிக்கூண்டும் வேண்டும், அட்டைப் பெட்டியானாலும் சரி. இரத்தம் கண்ட கோழியை மற்றக் கோழிகள் கொத்தியே கொன்றுவிடும்.

9. வாங்கி வைக்கக் கூடாதவை

மனிதருக்கான வலி மாத்திரைகளை எடுத்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து கொடுத்த மாடு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன. கழுகுக் கூட்டங்களே அழிந்தது அதனால்தான். வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கால்சியம் ஊசி மருந்தை வாங்கி வைத்தாலும், இரத்தக் குழாயில் ஏற்றுவது மருத்துவரின் வேலை. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். பெர்மெத்ரின் உள்ள உண்ணி மருந்தைத் தெளித்தால் வீட்டுப் பூனையைத் தள்ளியே வையுங்கள். பூனைக்கு அது கடும் நஞ்சு. வெள்ளாட்டுத் தாதுக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொல்லும்.

10. ஈற்றுக்காலப் பை

சினைப் பிராணி இருந்தால் தனியாக ஒரு பை. குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே கட்டி வையுங்கள். குட்டி நாள் பார்த்து வருவதில்லை. சுத்தமான துண்டுகள், கையுறை, வழுக்கும் களிம்பு, தொப்புள் கொடியை முழுதும் தோய்க்க அயோடினும் சிறு குவளையும், பால்புட்டி. இவற்றோடு உறைய வைத்த சீம்பால்; அது மட்டும் பையில் இல்லாமல் உறைபெட்டியில் இருக்கட்டும்.

சீம்பால் எல்லாவற்றிலும் முக்கியம். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடல் அந்த நோயெதிர்ப்புப் பொருளை உள்ளே விடுவதில்லை. நிறையப் பால் உள்ள பிராணி ஈனும்போது கொஞ்சம் கறந்து உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும். உருக்கும்போது 50 டிகிரிக்கு மேற்படாத நீரில் வையுங்கள். கொதிநீரில் வைத்தால் பயன் போய்விடும்.

ஆடு கடுமையாக முக்கி அரை மணி நேரமாகியும், மாடு முக்கி ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் அழையுங்கள். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டாலும் அழையுங்கள். இழுக்காதீர்கள்.

11. பெட்டியைத் திறக்காமல் அழைக்க வேண்டிய வேளைகள்

எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று கையை உள்ளே விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் இப்படித்தான் தோன்றும். எச்சில் பட்டிருந்தால் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே நீங்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால், பல பிராணிகளுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டால், எதையும் அறுத்துப் பார்க்காமல், எங்கும் கொண்டுபோகாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

12. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

நாட்காட்டியில் குறித்து வைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். காலாவதித் தேதிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். புட்டியைத் திறந்த அன்றே அதன் மேல் தேதி எழுதுங்கள். பல ஊசி மருந்துகள் திறந்த 28 நாளுக்குப் பிறகு பயன்படுத்தத் தகாதவை. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான நெகிழிப் புட்டியில் போட்டு மூடுங்கள். ஒரு பிராணிக்குப் போட்ட ஊசியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

வீட்டிலுள்ள ஒருவரிடம் விளக்கை அணைத்துவிட்டு, "60 மில்லி சிரிஞ்சை எடு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுக்கியிருப்பது சரியில்லை. கத்தரிக்கோலை மட்டும் மூடியோடு கயிற்றில் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் நாலு முறை காணாமல் போனது அது ஒன்றுதான்.